கைப்பாவைகள் எழுதிய மகஜர்

போன வாரம் கலைச்செல்வியைக் கஹவத்தை பஸ்ஸில் ஏற்றி, கம்பியைப் பிடித்தபடி நிற்கவைத்துவிட்டு நான் வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறான். முன்னால் போக எங்கே இடம் இருக்கிறது என்று யாரும் அவனைக் கேட்பதில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஹவத்தைக்கு மேலே தொரகல என்று ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா அங்கே மண்சரிவில் அடித்துக்கொண்டு போனது. மலை இறங்குவதற்குச் சற்று முன்னால், யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் அத்தனை குழந்தைகளையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியவள் ஆயா ஜெயம்மா. கலைச்செல்வியின் மாமியார். ஓடிய குழந்தைகளில் கலைச்செல்வியின் மகள் அபிஷாவும் ஒருத்தி.

பத்திரிகைகளில் "தோட்ட நிர்வாகத்தின் துரித நடவடிக்கையால் சிறுவர்கள் மீட்பு" என்று வந்தது. ஜெயம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாளாம். போன வருஷம் அவள் இறந்துபோனாள்.

இப்போது புதிய பிள்ளைக்காம்பரா கட்டி முடிந்திருக்கிறது. அதற்கு ஜெயம்மா பெயரை வைக்க வேண்டும் என்று அவள் புருஷன் காத்தமுத்து கூட்டத்தில் எழுந்து கேட்டார். முன்பு இருந்த துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பெயரை வைக்கலாம் என்று இன்னொரு பக்கம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அங்கேயே போனை எடுத்து ஜெயம்மாவைத் தேடிப் பார்த்தார். "ஒன்றும் வரவில்லையே" என்று திரையை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். முடிவை அடுத்த கூட்டத்தில், அதாவது வருகிற வியாழக்கிழமை, பார்க்கலாம் என்றார்.

அன்றைக்குத்தான் மருமகளிடம் வந்து காத்தமுத்து கேட்டார், "போன்ல வர வைக்க முடியுமாம்மா?" என்று. கலைச்செல்வியின் அலுப்பு அன்றிலிருந்து தொடங்குகிறது.

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதல்லவா, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பார்களே, அது. எழுதலாம்தான். எழுதினதெல்லாம் நிற்காது. சம்பளம் வாங்காமல் உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து, வந்ததைப் படித்து, ஏற்றுக்கொள்கிறவர்களும் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு ஆட்கள் வீட்டு ஆளைப் பற்றி எழுதக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் கலைச்செல்வியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த யும்னா எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை, ஆதாரம் போதாது என்று வந்தது. இரண்டாம் தடவை, காட்டிய செய்திகளில் இந்த அம்மாவின் பெயரே இல்லையே என்று வந்தது. நியாயமான கேள்வி. அதுதான் நெஞ்சில் குத்தியது.

மூன்றாம் தடவைக்கு யும்னா எங்கோ தேடி, மண்சரிவுகளைப் பற்றிப் பல்கலைக்கழகக்காரர்கள் எழுதிய புத்தகம் ஒன்றைப் பிடித்துவிட்டாள். அதில் ஜெயம்மாவைப் பற்றி ஒரு பக்கம், பெயரோடு. மீளாய்வு செய்கிறவர், "நல்ல ஆதாரம், பரிசீலிக்கிறேன், சில நாட்கள் பொறுங்கள்" என்று எழுதியிருந்தார். எல்லோரும் பொறுத்திருந்தால் இந்த வாரக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது யும்னாவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தது. "வா." அந்தச் சொல்லுக்குத்தான் கலைச்செல்வி பஸ் ஏறினாள்.

* * *

யும்னாவின் கம்யூனிகேஷன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. போட்டோ கொப்பி, போன் கார்ட், பாஸ்போர்ட் சைஸ் படம். காலையிலேயே கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன. யும்னா கம்ப்யூட்டர் முன்னால் கையை மடியில் வைத்துக் கலைச்செல்வி பார்த்ததே இல்லை.

"இரி கலை. தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம். என்ன ஆச்சு? திருப்பிட்டாங்களா?"

"இல்ல. அது அப்பிடியே ஈக்கி. இதப் பாரு." யும்னா பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'.

திரையில் ஜெயம்மா கட்டுரையின் உரையாடல் பக்கம். கட்டுரையைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லலாம் என்று வைத்திருக்கிற பக்கம். நேற்று வரை அதில் இரண்டு மூன்று வரிதான் இருந்தது. இப்போது உருட்ட உருட்ட முடிவே இல்லை.

*ஜெயம்மா அம்மையாரின் கட்டுரையை உடனடியாக ஏற்றுக்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இவண், தொரகல1.*

*ஜெயம்மா அம்மையாரின் கட்டுரையை உடனடியாக ஏற்றுக்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இவண், தொரகல2.*

தொரகல3. தொரகல4. எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல், முப்பதுக்கும் மேலே போயிற்று.

கலைச்செல்விக்குப் புரிந்துவிட்டது.

"மாமா," என்றாள்.

"ம்." யும்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து நான் எஹலியகொடைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். கடையில என்ட தம்பி அப்லால்தான். ஒங்கட மாமா ஒரு பஸ் நெறைய ஆளக் கூட்டிக்கிட்டு வந்தீக்கி. எல்லாருக்கும் கணக்குத் தொறந்து குடுங்க தம்பின்னு சொல்லீக்கி. அவனுக்கு என்ன தெரியும்? சின்ன வேலையா இருக்கட்டும்னு நம்பர் போட்டுத் தொறந்தீக்கி. எழுதத் தெரியாதவங்களுக்கு இவனே கொப்பி பண்ணிப் போட்டீக்கி."

"ஐயோ யும்னா."

"மாமாவப் பிழ சொல்ல ஏலா. ஒங்கட பக்கத்துல அப்பிடித்தானே."

அதுதான் உண்மை. தோட்டத்தில் எந்தக் காரியமும் தனி ஆளாகக் கேட்டு நடந்ததில்லை. தண்ணீர்க் குழாய் வேண்டுமா, மகஜர் எழுது, எல்லோரும் கையெழுத்து வை, கைநாட்டு வை, ஒபிசுக்கு முன்னால் கூட்டமாகப் போய் நில். ஆள் கூடினால்தான் துரை வெளியே வருவார். காத்தமுத்து முப்பது வருஷம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். உரையாடல் பக்கத்தில் யாரும் எழுதலாம் என்று கலைச்செல்விதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

"அதுக்கு அங்க உள்ளவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

யும்னா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். மேலே சிவப்புக் கட்டம். *பயனர் யும்னா பல கைப்பாவைக் கணக்குகளை இயக்கிய சந்தேகத்தின் பேரில் காலவரையறையின்றித் தடைசெய்யப்பட்டுள்ளார்.*

"கைப்பாவைன்னா?"

"ஒரு ஆளே நூறு பேர் மாதிரி வேஷம் போட்டு வாற. அங்க அதவிடப் பெரிய களவு இல்ல. எல்லாக் கணக்கும் என்ட கடை லைன்லதானே தொறந்தீக்கி. நான் இவ்வளவு காலமா எழுதினதும் இதே லைன்லதான்."

யும்னா அதில் எழுதத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. சபரகமுவையின் நீர்வீழ்ச்சிகள், பன்னச் செடிகள், மாணிக்கக் குழிக்காரர்களின் சொற்கள், பஸ் நின்று போகிற சின்ன ஊர்கள் என்று நானூறு கட்டுரைக்கு மேல். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், அதற்கு என்ன கொடுப்பார்கள் என்றுதான் கேட்பார்கள். இந்தக் கடையில் அடுத்தவர் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"நீ எழுது யும்னா. நான் இல்ல, இவங்க வந்து செஞ்சாங்கன்னு இப்பவே எழுது."

"கீழ வாசி."

தடைக்குக் கீழே நிர்வாகி ஒருவர் பொறுமையாகவே எழுதியிருந்தார். யும்னா விளக்கம் தரலாம், கேட்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் இது உறவினர்கள் ஆள் திரட்டி நடத்திய பிரசாரம் என்று தெரியவந்தால், இன்னும் ஏற்கப்படாமல் இருக்கிற இந்தக் கட்டுரை வரைவு நீக்கப்படும். இந்தத் தலைப்பில் மறுபடி யாரும் எழுத முடியாதபடி பூட்டப்படும்.

"விளங்கிச்சா?" என்றாள் யும்னா. "நான் உண்மையச் சொன்னா மாமிட கட்டுரை போயிரும். நான் பேசாம இருந்தா எனக்கு மட்டும்தான். மாமிட கட்டுரைய வேற யாரும் எடுத்துப் பார்ப்பாங்க. புத்தகம் ஈக்கி, பேர் ஈக்கி. வியாழக்கிழமைக்கு முந்தி வந்தாலும் வரும்."

"பேசாம இருக்கப் போறியா?"

"நேத்து ராவெல்லாம் யோசிச்சிட்டேன்."

"வேற பேர்ல பொறகு எழுத முடியாதா?"

"அப்பிடி எழுதினா அதுதான் கள்ளம். நான் எழுத மாட்டேன்." யும்னா முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "அபிஷாவ நீ கடைக்குத் தூக்கிட்டு வருவியே. அந்தப் புள்ள இந்த மேசையில ஏறி இருந்து கீபோர்டுல அடிக்கும். மாமி அண்டைக்கு ஓடாட்டி? விடு கலை. ஒரு கணக்குத்தானே."

அந்த "தானே"யைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க எழுந்து போய், யாரும் கேட்காத போட்டோ கொப்பி மெஷினைப் போட்டாள்.

கலைச்செல்விக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது, பின்னேரம் டியூஷன், இருமுகிற பிள்ளை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிற புருஷன். இவ்வளவுக்கும் நடுவில், செத்துப்போன மாமியாருக்கு ஒரு பக்கம். நல்ல காரியம் என்றுதான் தொடங்கினாள். அது எப்படி இந்தப் பெண்ணின் கழுத்தில் போய் விழுந்தது?

* * *

காத்தமுத்து லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், காத்துக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். நல்ல செய்தி வரும் நாளென்று அவர் முடிவு கட்டியிருந்தது அந்தச் சட்டையிலேயே தெரிந்தது.

"பாத்தியாம்மா? எத்தன பேரு எழுதிருக்கோம். கந்தையா காலு முடியாத ஆளு, அவரயும் ஏத்திக்கிட்டுப் போனோம். மருதாயி தேத்தண்ணிகூடக் குடிக்காம வந்துச்சு. எல்லாம் ஒங்க அத்தைக்காகத்தான்."

"மாமா, உள்ள வாங்க. பேசணும்."

கலைச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு அழுத்திச் சொல்லத் தெம்பில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிமுடித்தாள். காத்தமுத்து குறுக்கே பேசவில்லை. தலைவராக இருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்து நிற்பார்கள்.

"அப்ப, நாங்க எல்லாம் ஒரே ஆளுன்னு சொல்றாங்களா?"

"அப்படித்தான் நெனச்சிருக்காங்க மாமா. ஒரே எடம், ஒரே வரி, ஒரே மாதிரிப் பேரு."

"கந்தையாவும் நானும் ஒரே ஆளா? மருதாயியும் நானும் ஒரே ஆளா?" அவர் குரல் உயரவில்லை. "ஒபிசு முன்னுக்குப் போயி நிப்போம். தொரை ஜன்னல் வழியாப் பாத்துட்டு 'தொரகல ஆளுங்க வந்துருக்கு'ன்னு சொல்லுவாரு. யாரு வந்துருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. போன்லயாவது ஆளுக்கு ஒரு பேரு போட்டு எழுதலாம்னு நெனச்சேம்மா. அங்கயும் நாங்க ஒரு ஆளுதானா?"

நிர்வாகியின் மேல் பிழை சொல்ல முடியாது, அவர் எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இவர் கேட்பதிலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் யும்னா மாட்டிக்கொண்டிருந்தாள்.

பகல் சாப்பாட்டுக்குக் கலைச்செல்வியின் புருஷன் தினேஷ் வந்தான். தோட்டத்து இஸ்டோரில், ரப்பர் பால் உறைய வைக்கிற பெக்டரியில், அவனுக்கு ஒபிசர் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. லயத்துப் பையன் ஒருவன் ஒபிசராகப் போவது லேசான காரியமில்லை என்று அவனே அடிக்கடி சொல்வான். அந்தப் பயம் அவன் நடையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் போய்விடுவான்.

சோற்றைப் போட்டுவிட்டு அவனுக்கும் விஷயத்தைச் சொன்னாள்.

"எதுக்கு இதெல்லாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்," என்றான் தினேஷ். "அம்மா போயிருச்சு. பேர வச்சா வரப் போகுதா?"

"பேரு வைக்கறது போனவங்களுக்கு இல்லங்க. அந்த வாசல்ல நாளைக்குப் புள்ளைய விட்டுட்டுப் போறவங்களுக்கு."

"நீ டீச்சர். உனக்குப் பேச வரும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், தின்னவில்லை. தாயை நினைத்துத்தான் என்று கலைச்செல்வி எண்ணினாள். கோபித்துக்கொள்ளாமல் தண்ணீரை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு இருக்கிறது. ஆனால் களைத்துப்போன ஆள் கண்ணுக்கு எதிரில் இருப்பதைப் பார்க்காது.

மூலையில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து திடீரென்று கேட்டார்.

"அந்தப் புள்ள வாயத் தொறக்காம இருந்துக்கிறேன்னுச்சா?"

"ஆமா மாமா."

"நம்மள காட்டிக் குடுக்காம?"

"நமக்காக இல்ல. அத்தைக்காக."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பால் கத்தி பிடித்து இறுகிப்போன கைகள்.

"ஸ்ட்ரைக்கு நடக்கும்," என்றார். "எவனாவது ஆத்திரத்துல ஒபிசு ஜன்னல்ல கல்லு வுடுவான். பொலீசு வந்து நிக்கும். அப்ப நான் போயி, 'ஆளக் கூட்டியாந்தது நான், என்னைய ஜீப்புல ஏத்து'ன்னு சொல்லுவேன். அடுத்தவன ஏத்த வுட்டுட்டு நான் வூட்டுக்கு வந்து சோறு தின்னதில்ல. ஒங்க அத்த கேட்டா என்னா சொல்லும்? எழுதும்மா. என் பேர்ல எழுது."

"எழுதினா அத்தையோட கட்டுரை போயிரும் மாமா. பூட்டிருவாங்க. திரும்ப யாரும் எழுத முடியாது."

"தெரியுது."

"வியாழக்கிழமை காட்ட ஒண்ணும் இருக்காது."

"தெரியுதும்மா. எந்திரி."

* * *

லயத்துக்குள் வந்து வந்து போகிற சிக்னலில் செய்தி வரும், இணையம் நிற்காது. மேலே, காலையில் பேர் பதிந்து ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். தூறலாக இருந்தது. கலைச்செல்வி முன்னால், மாமனார் பின்னால். கூப்பிடாமலே தினேஷும் வந்தான். குடையை அப்பாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தான்.

தகரக் கூரைக்குக் கீழே நின்று, காத்தமுத்து பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மகஜர் சொல்லிப் பழகிய வாய். வேறு மாதிரி அவருக்கு வராது, கலைச்செல்வியும் மாற்றவில்லை.

*தொரகல தோட்டம் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த வீ. காத்தமுத்து ஆகிய நான் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், காலஞ்சென்ற ஜெயம்மா என் மனைவி. அந்தக் கட்டுரைக்கு ஆதரவாக எழுதியவர்களைக் கூட்டிவந்தது நான். அவர்கள் கைப்பாவைகள் அல்ல, உயிருள்ள மனுஷர்கள். இப்படிச் செய்வது உங்கள் சட்டப்படி தவறு என்று எங்களுக்குத் தெரியாது. யும்னா என்ற பிள்ளைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் அன்று கடையிலேயே இல்லை. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளையை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.*

"எல்லார் பேரயும் போடும்மா," என்றார். "நம்பர் இல்லாம."

அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கந்தையா. மருதாயி. லயத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை, தகப்பன் பெயரோடு. அவளுக்கு எழுத எழுதக் கை வலித்தது. ஒரு பெயரைக்கூட அவர் விடவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுப்பினாள்.

எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் விழித்திருக்கிறார் போலிருக்கிறது. அவர்கள் தூறல் விடக் காத்து நிற்கும்போதே பதில் வந்துவிட்டது. ஐயா, உங்கள் நேர்மைக்கு நன்றி. யும்னாவின் தடை நீக்கப்படுகிறது, அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். விதிப்படி வரைவு நீக்கப்பட்டு, தலைப்பு பூட்டப்படுகிறது. உங்கள் மனைவியின் மறைவுக்கு எங்கள் அனுதாபங்கள்.

கலைச்செல்வி அதை வாசித்துக் காட்டினாள். ஒரு மாதமாக அழாமல் வைத்திருந்ததெல்லாம் கடைசி வரியில் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத," என்றார் காத்தமுத்து. "கேட்டுருக்கோம், கெடைக்கல. அது புதுசா நமக்கு? வியாழக்கிழம நான் கூட்டத்துக்குப் போயி நேராப் பேசுறேன். போன் இல்லாம பேசுறேன். அந்தாளு என்னா செஞ்சுருவாரு, பாத்துருவோம். தினேசு, நீயும் லீவு போடு. ஆயாவோட மகன்னு பக்கத்துல வந்து நில்லு, போதும்."

தினேஷ் குடையை மடக்கினான். மடக்கியதை மறுபடி விரித்தான்.

"அப்பா, வியாழக்கிழமை போக வேணாம்."

"ஏன்டா?"

"பேரு வெட்டக் குடுத்தாச்சு. பழைய தொரை பேருலதான். டவுன்ல கல்லுல வெட்டிக்கிட்டு இருக்காங்க. கூட்டம் சும்மா பேருக்கு."

தகரத்தில் மழை கொஞ்சம் பலத்தது. கலைச்செல்வி அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப உள்ள தொரை கூப்பிட்டுக் கேட்டாரு. 'தினேஷ், ப்ரஷ்னயக் நே நேத?'ன்னு. ஒங்க வீட்டுல ஒண்ணும் பிரச்சின பண்ண மாட்டீங்கதானேன்னு."

"எப்ப?"

அவன் குடையை மறுபடி மடக்கினான்.

"எப்பன்னு கேக்குறேன்."

"மொதல் கூட்டம் முடிஞ்ச மறுநாளு."

அப்படியானால் யும்னா முதல் வரியை எழுதுவதற்கும் முன்னால். கலைச்செல்வி டியூஷன் முடித்து பஸ் ஏறிப்போய் வந்த ஒவ்வொரு நாளும் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் அவள் கிளம்பும்போது தெரிந்திருக்கிறது. சோற்றைப் பிசையும்போது, குடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்போது, அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போது தெரிந்திருக்கிறது.

"வேல நிரந்தரமாகுற நேரம் கலை. நான் என்ன செய்யட்டும்?"

அவள் அவனைப் பார்த்தாள். திட்டுவதற்குச் சொல் தேடினாள். களைப்பில் ஒன்றும் அகப்படவில்லை.

காத்தமுத்து மகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தொரை கேட்டாரு. நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலப்பா. பேசாம நின்னேன்."

"ம்." அவர் தலையை ஆட்டினார். "அந்தக் கடைக்காரப் புள்ளையும் பேசாமத்தான் இருந்துச்சு. ஒங்காத்தாளுக்காக."

அவ்வளவுதான் சொன்னார். குடையை வாங்காமல் மழையில் இறங்கி லயத்துப் பக்கம் நடந்தார். தினேஷ் இரண்டு எட்டு பின்னால் போனான். கையைப் பின்னால் அசைத்து வராதே என்றார். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

கலைச்செல்வியின் கையில் போன் அடித்தது. யும்னா. தடை நீங்கியதைப் பார்த்திருப்பாள். கட்டுரை போனதையும் பார்த்திருப்பாள். ஏன் எழுதினீங்க என்றுதான் கேட்பாள், அதற்குப் பதில் இருக்கிறது. வியாழக்கிழமை என்ன செய்யப் போறீங்க என்றும் கேட்பாள்.

போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றான்.